கெசையா உடைத்த பேசின்

என் தங்கை கெசையா கோபக்காரி இல்லை. கோபக்காரி நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோர்ட்டில் வாசித்த காகிதத்தில் அவளைத்தான் வெறிபிடித்தவள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் அம்மா போன அன்றைக்குக்கூட அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. குதிரை காலை மிதித்தால் "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று அதனிடம் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போகிறவள். என்னைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன், அதில் பாதி உண்மை.

அந்த செப்டம்பரில் நாங்கள் குடியிருக்கும் ஆறு குதிரை வண்டிகளும் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுக்கு மேற்கே ப்ரோசர் பண்ணையில் நின்றன. ஹாப்ஸ் பறிக்கும் காலம். பீருக்குக் கசப்பேற்றும் அந்தப் பச்சைப் பூவை நாள் முழுக்கப் பறித்தால் விரல்கள் கறுத்துப்போகும், பிறகு கையில் எடுத்துத் தின்னும் ரொட்டியெல்லாம் கசக்கும். ஆனாலும் எங்களுக்குப் பிடித்த காலம் அதுதான். போலீஸ்காரன் வந்து "கிளம்பு, கிளம்பு" என்று சக்கரத்தை உதைக்காத நான்கு வாரம் வருடத்தில் அது மட்டும்தான். அறுவடைக்குக் கை வேண்டும் அல்லவா. அறுவடை முடிந்த மறுநாள் நாங்கள் மறுபடியும் அழுக்கு ஜிப்சிகள் ஆகிவிடுவோம்.

அந்த வருடம் கெசையாவின் புருஷன் ஓசெரி எங்களோடு இல்லை, ஜெயிலில் இருந்தான். ஆகஸ்ட்டில் எங்கள் குதிரை ஒன்றுக்குக் காலில் அடிபட்டிருந்தது. கால் சரியாகிற வரை சாலையோரத்தை விட்டு நகர மாட்டேன் என்றான். போலீஸ்காரர் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார், இவன் போலீஸ்காரரைப் பிடித்துத் தள்ளினான். ஆறு வாரம் போட்டுவிட்டார்கள். குதிரை பத்து நாளில் எழுந்து நடந்துவிட்டது.

ஆக, மூன்று பிள்ளைகளோடு கெசையா மட்டும் இருந்தாள். மூத்தவள் பிரிட்டானியா, ஏழு வயது. அடுத்தவன் நெல்சன், நான்கு. கடைசி ஓஷன், ஆறு மாதப் பெண் குழந்தை. துணைக்கு மாமனார் கோலியாத். பெயர்தான் கோலியாத், ஆள் என் தோளுக்குத்தான் வருவார். அவரும் நானும் பக்கத்து வண்டிகளில் இருந்தோம். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரில் யாரோ ஒருத்தி, புருஷன் ஜெயிலில் இருக்கிறான், பெண்டாட்டி தோட்டத்தில் வேலை செய்கிறாள், பிள்ளைகள் மண்ணில் புரள்கின்றன என்று எழுதிப் போட்டுவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தான் பிள்ளைகள் நல அதிகாரி மிஸ் பென்னிங்டன்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கதை சுலபமாகப் போய்விடும். நல்ல கம்பளி கோட்டு, சைக்கிள், கையில் தோல் பை. பிள்ளைகளிடம் குனிந்துதான் பேசினார். ஆனால் வண்டிக்குள் ஏறியதும் எதையும் தொடக்கூடாது என்பதுபோல் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டாரே, அதை நான் பார்த்தேன். நாங்கள்தான் அழுக்காம். வீட்டுக்குள்ளேயே கக்கூஸைக் கட்டிவிட்டு, அதற்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சுவர் போதும் என்று நினைக்கிற ஜனங்கள் இவர்கள். ஒரே தொட்டியில் முகம் கழுவி, அதிலேயே முட்டைக்கோஸ் கழுவி, அதிலேயே கால்சட்டையையும் ஊறப் போடுவார்கள். பூனை நக்கிய வெண்ணெயைப் பூனை நக்காத பக்கமாக வெட்டித் தின்பார்கள். எங்கள் ஆட்கள் அல்லாத எல்லாரையும் கோர்ஜா என்போம். கோர்ஜா வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

எங்களிடம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேசின் உண்டு. மாவு பிசையவும் சாப்பாட்டுத் தட்டு கழுவவும் ஒன்று. முகம், கை கழுவ ஒன்று. சட்டை துணிமணிக்கு ஒன்று. இடுப்புக்குக் கீழே உடுத்துவதற்கும் குழந்தையின் மலத்துணிக்கும் நான்காவது ஒன்று, அது வண்டிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். ஒன்று இன்னொன்றோடு சேர்ந்துவிட்டால் அது மொக்காடி, தீட்டு. தேய்த்துக் கழுவினால் போகாது. அந்தப் பாத்திரத்தை உடைத்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் யாராவது தெரியாமல் எடுத்துப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிடுவார்கள். இன்னொன்று, இந்த நான்காவது பேசினைப் பற்றி ஆண்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் பேசுவதில்லை. புருஷன் முன்னால்கூடக் கிடையாது. மாமனார் முன்னால் என்றால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

அன்று கெசையா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் எதிரே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கோலியாத் மாமா நெருப்புப் பக்கத்தில் குழாயில் புகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓஷன் வெளிக்குப் போய்விட்டு அழ ஆரம்பித்தது. நான் கத்தியை வைத்துவிட்டு எழுவதற்குள் மிஸ் பென்னிங்டன் கோட்டைக் கழற்றி, கையை மடித்துவிட்டு, "நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க" என்றார். உண்மையிலேயே உதவிதான் செய்ய நினைத்தார். படிக்கட்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பீங்கான் பேசினை எடுத்தார், கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றினார். நான் "ஐயோ மிஸ்" என்று ஓடுவதற்குள் குழந்தையையும் கழுவி, துணியையும் அதிலேயே அலசிவிட்டார்.

அது மாவு பிசையும் பேசின். காலையில்தான் அதில் ரொட்டிக்குப் பிசைந்திருந்தாள். அம்மா கெசையாவுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்தது, வெளியே பழுப்பும் உள்ளே வெள்ளையுமாக, மூன்று பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கலாம்போல அவ்வளவு பெரிசு.

கெசையா இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தாள். பார்த்தாள். வாளிகளைச் சிந்தாமல் கீழே வைத்தாள். பேசினை எடுத்து, தண்ணீரைப் புதர்ப் பக்கம் கொட்டிவிட்டு, சக்கரத்தின் இரும்புப் பட்டையில் ஓங்கி ஒரு அடி. மறுபடி ஒரு அடி. கையில் மிஞ்சிய துண்டையும் தரையில் போட்டு மிதித்தாள். ஒரு சில்லு தெறித்து மிஸ் பென்னிங்டனின் காலுறையைக் கிழித்தது, கொஞ்சம் ரத்தமும் வந்தது.

"என்னம்மா இது, உனக்கு என்ன ஆச்சு?" என்று அவர் பின்னால் நகர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கெசையா மாமாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க மிஸ். குழந்தையைக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான். மாமா அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறென்ன சொல்ல முடியும். நான் சொல்லியிருக்கலாம், தனியாக அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில், சைக்கிளில் ஏறிப் போனால் போதும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் என்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் காகிதம் வந்தது. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பண்ணைக்காரர் மனைவி மிஸஸ் ப்ரோசர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோர்ட். பிள்ளைகளையும் கூட்டி வர வேண்டும். தாய் பிள்ளைகள் முன்னால் வெறிகொண்டு பொருள்களை உடைக்கிறாள், அதிகாரிக்குக் காயம், தகப்பன் சிறையில், ஆகவே மூன்று பேரையும் அரசாங்க ஹோமில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 

மிஸஸ் ப்ரோசர் பெண்தானே என்று நடந்ததை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"இதுக்கா?" என்றார். "ஒரு பேசினுக்கா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தித் தேய்ச்சா போச்சே."

"நீங்க வேணும்னா தேய்ச்சு அதுல சாப்பிடுவீங்க" என்றேன்.

"வாயை மூடு சின்ஃபி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கெசையா, நல்லா கேட்டுக்க. கோர்ட்டுல இந்தப் பேசின் கதையெல்லாம் எடுக்காத, சிரிப்பாங்க. புருஷன் இல்லாம மனசு சரியில்ல, கோபம் வந்துருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. கொஞ்சம் அழு. அனுப்பிடுவாங்க."

கெசையா ஓஷனின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "எனக்குக் கோபம் வரலீங்களே" என்றாள்.

திரும்பி நடக்கும்போது நான் என் யோசனையைச் சொன்னேன். "வேல்ஸ் எல்லை பதினாலு மைலு. விடிஞ்சதும் குதிரையைப் பூட்டுவோம். மத்தியானத்துக்குள்ள அந்தப் பக்கம். அங்க இருக்கறவனுக்கு இந்த ஊர்க் காகிதம் எதுவும் தெரியாது."

"ஓடினா அவங்க எழுதினது நெசம்னு ஆயிடும்க்கா."

"ஆகட்டுமே. பிள்ளைங்க நம்மகிட்ட இருக்கும்ல."

"எத்தனை நாளைக்கு? போலீஸ் வந்து நிக்கறப்பல்லாம் பிரிட்டானியாவைப் படுக்கைக்கு அடியில ஒளிச்சு வைக்கணுமா? நான் வரல. நீ வேணும்னா போ."

அவளை அறைந்துவிடலாமா என்று தோன்றியது. அறையவில்லை. வெள்ளிக்கிழமைக்கு என் நல்ல பாவாடையை எடுத்து வெயிலில் போட்டேன்.

எங்களில் யாரையும் கோர்ட்டுக்குத் தனியாக அனுப்புவதில்லை. ஒருத்தரை இழுத்தால் மொத்தப் பேரும் போய் நிற்போம், அது எங்கள் பழக்கம். அன்றைக்குப் பத்தொன்பது பேர் போனோம். சந்தை ஊர், தானிய மண்டிக்கு மேல் மாடியில் கோர்ட். வாசலில் நின்ற சிப்பந்தி, "குடும்பத்தார் மட்டும்தான் உள்ள வரலாம். இதுல யாரு குடும்பம்?" என்று கேட்டார்.

"எல்லாரும்" என்றார் கோலியாத் மாமா.

"விளையாடாதீங்க."

"விளையாடலப்பா. இவன் என் தம்பி பேரன், அவ என் அக்கா மருமக, அதோ அந்தக் குண்டன் ரெண்டு வழியிலயும் எனக்குச் சொந்தம். எழுதிக்கறியா, முழுசா சொல்றேன்."

சிப்பந்தி மாமாவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். அது எங்களுக்கு வெற்றியாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் மூன்று பேரையும் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருத்தி பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். ஓஷன் கெசையாவின் சால்வையை விடவில்லை, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கதவு மூடியது. எங்கள் வழக்கைக் கூப்பிட மணி பன்னிரண்டு ஆயிற்று.

மேடையில் தீர்ப்புச் சொல்கிற மூன்று பேர், ஊர்ப் பெரியவர்கள். நடுவில் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர், வெள்ளை மீசை. ஒரு பக்கம் செருப்புக் கடை முதலாளி. இன்னொரு பக்கம் டாக்டர் மனைவி, தலையில் நீல இறகு வைத்த தொப்பி. மிஸ் பென்னிங்டன் அறிக்கையை வாசித்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேசின், சக்கரம், மிதித்தது, காலுறை, ரத்தம். கேட்கக் கேட்க எனக்கே அந்த அறிக்கையில் வருகிற பெண்பிள்ளை மேல் பயம் வந்தது.

"இதெல்லாம் நடந்ததா?" என்று கர்னல் கேட்டார்.

"நடந்ததுங்க ஐயா" என்றாள் கெசையா.

"பேசினை நீதான் உடைச்சியா?"

"நான்தாங்க."

"ஏன் உடைச்ச?"

கெசையா வாயைத் திறந்தாள். முன்வரிசையில் மாமா தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓசெரியின் அண்ணன்மார் இரண்டு பேர், பின்னால் சித்தப்பன், மாமன், மச்சான் என்று எங்கள் ஆண்கள் பதினோரு பேர். அவளுக்குத் துணையாக வந்தவர்கள். ஒவ்வொருத்தரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"கேக்கறது புரியுதா? ஏன் உடைச்ச?"

மேடைக்கு முன்னால் இருந்த மரச்சட்டத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கோபத்துலயா?"

கர்னல் பெருமூச்சு விட்டார். "நீ பேசலைன்னா அறிக்கையில இருக்கறதை அப்படியே எடுத்துக்கறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இல்லை" என்றபடி மூடியைக் கழற்றிப் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாங்களேதான். எழுந்து நின்றேன். எங்கள் பாஷையில் சத்தமாகச் சொன்னேன்:

"கோலியாத் மாமா, எழுந்து வெளிய போங்க. ஆம்பளைங்க எல்லாரும் போங்க. ஒருத்தர்கூட இருக்கக் கூடாது."

தங்கையின் மாமனாரை அப்படி ஏவுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், கெசையாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே பத்துப் பேரும் எழுந்தார்கள். ஆணி அடித்த பூட்ஸ்கள் மரத்தளத்தில் தடதடவென்று போக, வாசலில் நின்ற போலீஸ்காரர் தடியில் கை வைத்தார்.

கர்னல் சிவந்துவிட்டார். "என்ன இது? ஏய், உன்னைத்தான். அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"வெளிய போகச் சொன்னேங்க ஐயா."

"எதுக்கு? கோர்ட்டை மிரட்டப் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. பொம்பளைங்க சமாச்சாரம் பேசணும். ஆம்பளைங்க முன்னாடி பேச மாட்டோம்."

"அப்ப நாங்க? இங்கயும் ஆம்பளைங்க இருக்கோமே."

"நீங்க அந்தக் கணக்குல வர மாட்டீங்க ஐயா" என்றேன்.

செருப்புக் கடைக்காரர் தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நீல இறகுத் தொப்பி கைக்குட்டையை வாயில் வைத்து இருமியது. கர்னல் என்னை அப்படியே வெளியே தூக்கிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். அதற்குள் கெசையா பேச ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததை நிதானமாக, குரல் உயர்த்தாமல் சொன்னாள். நான்கு பேசின்களையும் சொன்னாள். நான்காவதில் என்னென்ன துவைப்போம் என்று பெண்கள் துணி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னாள். கர்னல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். எங்களுக்கு இல்லாத வெட்கம் அவருக்கு வந்துவிட்டது.

"எங்கம்மா குடுத்த பேசினுங்க. எட்டு வருஷமா ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். அதுல மலத்துணியை அலசினாங்க. பிள்ளைங்களுக்கு ரொட்டி பிசையற பேசினுங்க அது. ஐயா, உங்க வீட்டுல மாவு பிசையற பாத்திரத்துல மலத்துணி அலசுவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கர்னல்.

"எங்க ஆம்பளைங்களுக்கும் தெரியாது. அதனாலதான் வெளிய போனாங்க."

டாக்டர் மனைவி மிஸ் பென்னிங்டனிடம் திரும்பி, அது சமையல் பாத்திரம்தானா என்று கேட்டார். மிஸ் பென்னிங்டன் காகிதங்களை ஒருமுறை அடுக்கி வைத்தார். "கையில கிடைச்சதுல பெருசா, சுத்தமா இருந்துச்சு, எடுத்தேன்" என்றார். பிறகு கெசையாவிடம், "என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"மாமா உக்காந்திருந்தாருங்க" என்றாள் கெசையா.

மூன்று பேரும் எழுந்து உள்ளே போனார்கள். கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. கெசையா சால்வையை மார்போடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. பக்கத்து அறையில் ஓஷன் அழுது ஓய்ந்தது எங்களுக்குக் கேட்டது. அழுகையைவிட அந்த ஓய்வுதான் தாங்கவில்லை.

திரும்பி வந்தபோது மணி ஒன்றேகால். கர்னல் படித்தார். பிள்ளைகள் தாயிடமே இருக்கலாம். ஆறு மாதம் அதிகாரி வந்து பார்ப்பார். அதற்குத் தாய் ஒரு காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அன்று தன்னிலை இழந்து கோபத்தில் பாத்திரத்தை உடைத்ததை ஒப்புக்கொள்கிறேன், வருந்துகிறேன், அதிகாரி வரும்போது ஒத்துழைப்பேன் என்று அதில் எழுதியிருந்தது.

நான் எழுந்து கெசையா பக்கத்தில் போனேன். முடிந்தது, போகலாம். கிளார்க் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். கெசையா பேனாவை வாங்கவில்லை.

"நான் தன்னிலை இழக்கலீங்களே" என்றாள்.

"கெசையா," என்று நான் எங்கள் பாஷையில் அவள் காதுக்குள் சொன்னேன். "கையெழுத்துக்குப் பதிலா ஒரு சிலுவைக் கோடு. ரெண்டு இழுப்பு. போட்டுட்டு வா. கடவுளே, போட்டுட்டு வாடி."

நானாக இருந்தால் போட்டிருப்பேன். இத்தனை வாய் கிழியப் பேசுகிற நான் அந்த நிமிஷத்தில் அவர்கள் நீட்டிய எந்தக் காகிதத்திலும் போட்டிருப்பேன். என்னை ஏழுமுறை வெறிபிடித்தவள் என்று எழுதியிருந்தாலும் சரி.

அவள் என் கையை மெதுவாக விலக்கினாள். "ஐயா, கோபத்துல உடைச்சிருந்தா அது என் தப்பு. நான் கோபத்துல உடைக்கல. பிள்ளைங்க அதுல சாப்பிட்டுடக் கூடாதுன்னு உடைச்சேன். பிள்ளைங்களைப் பாத்துக்கத் தெரியாதவன்னு கூட்டிட்டு வந்தீங்க. பாத்துக்கிட்டதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றீங்க."

"இதோ பாரு," என்றார் கர்னல். "நீ கையெழுத்துப் போடலைன்னா மூணு பிள்ளைங்களும் இன்னைக்குச் சாயந்திரமே ஹோமுக்குப் போகும். புரியுதா உனக்கு?"

"புரியுதுங்க."

"அப்புறம் என்ன?"

"அந்த வரியை எடுத்துருங்க. மத்ததுக்குப் போடறேன். மிஸ் வந்து பாக்கட்டும், நான் வேண்டாங்கல."

"அடுத்த தடவையும் இதே மாதிரி உடைப்பியா?"

"அடுத்த தடவையும் அதே மாதிரி அலசினா உடைப்பேங்க."

 நான் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் கழுத்தை நெரிக்கவும் தயாராக இருந்தேன். கர்னல் டாக்டர் மனைவியைப் பார்த்தார், அவர் தோளைக் குலுக்கினார். செருப்புக் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கர்னல் மிஸ் பென்னிங்டனிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். அவர் கீழே குனிந்து, கிழிந்த காலுறைக்குப் பதிலாகப் போட்டிருந்த புதுக் காலுறையைச் சரிசெய்வதுபோல் செய்தார். நிமிர்ந்தபோது, "அந்த வரி இல்லைன்னாலும் எனக்குப் போதும் ஐயா" என்றார்.

கர்னல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். நியாயத்துக்காக இழுத்தார் என்று மிஸஸ் ப்ரோசர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். மணி ஒன்றரை ஆகியிருந்தது, அவருக்குப் பசி என்றுதான் நான் சொல்வேன்.

அப்போதும் கெசையா விடவில்லை. "எந்த வரியை அடிச்சீங்க, விரலை வச்சுக் காட்டுங்க" என்றாள். கிளார்க் காட்டினார். "மிச்சம் இருக்கறதை அந்தத் தொப்பிபோட்ட அம்மா படிக்கட்டும்." டாக்டர் மனைவி எழுந்து வந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அதன் பிறகுதான் கெசையா பேனாவை வாங்கி, தாளின் அடியில் பெரிதாக ஒரு சிலுவைக் கோடு போட்டாள். மை மேசை வரைக்கும் போயிற்று.

பக்கத்து அறைக் கதவை நான்தான் திறந்தேன். ஏப்ரன்காரி மூலையில் நாற்காலியில், மடியில் தூங்கிப்போன ஓஷனோடு உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு தட்டு நிறைய வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆறிப்போன மூன்று கப் பால். ஒன்றுகூடத் தொடப்படவில்லை. நெல்சன் உதட்டைக் கடித்துக்கொண்டு ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் மேசைக்கும் நடுவில் பிரிட்டானியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பாத்ததே இல்ல" என்றாள் ஏப்ரன்காரி. அவள் குரலே களைத்திருந்தது. "மூணரை மணி நேரம். தானும் தின்ன மாட்டேங்குது, தம்பியையும் தின்ன விட மாட்டேங்குது. குழந்தைக்கு ஒரு கரண்டி பால் குடுக்கப் போனா என் கையைத் தட்டி விடுது."

"அம்மா, கப்பைக் கை கழுவற தொட்டியில கழுவினாங்க" என்றாள் பிரிட்டானியா. "நான் பாத்தேன். அதான் யாரையும் குடிக்க விடல."

ஏப்ரன்காரி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தாள். "இது யாரு பொண்ணும்மா?"

கெசையா ஓஷனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அன்று காலையிலிருந்து அழாதவள் இப்போது கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"என் பொண்ணு" என்றாள்.